கீழ்மடுவின் மூக்கு

பால்காரர் போனதும் வினோதினி பிலோமினாவின் மேட்டு வீட்டுக்கு ஏறி வந்தாள். ஒரு கையில் பால் செம்பு, மறு கையில் பிறந்து ஒரு வாரமான குழந்தை.

“அக்கா, இது கெட்டுப்போச்சுங்களா? கொஞ்சம் மோந்து சொல்லுங்க.”

பிலோமினா முகர்ந்தாள். “நல்லாத்தான் இருக்கு. காய்ச்சு.”

நீலகிரியின் அந்த ஓடைக்கரையில் இப்போது இதுதான் வழக்கம். கீழ்க்கரைக்காரர்கள் யாருக்கும் மணம் தெரியவில்லை. வினோதினிக்குப் பிரசவத்துக்கு முந்தின நாளே போய்விட்டது. ஓடைச் சட்டம் அப்படி. கரையில் பயிர் வைக்கிறவர்களின் மூக்கில் ஒரு நுண்சில்லு. அது அவரவர் வீட்டுக்கு நேரே உள்ள மடுவின் ட்ரவுட் மீன்களோடு இணைந்தது. பூச்சிமருந்து கலந்தால் ட்ரவுட் போன்ற சால்மன் குடும்பத்து மீன்களுக்கு முதலில் போவது மோப்பம்தான். மீனுக்குப் போனால் மனிதருக்கும் போகும். அபராதத்துக்கு அசையாத ஊரை அரசு மூக்கைப் பிடித்துத்தான் வழிக்குக் கொண்டுவந்தது.

பிலோமினா ஓடைக் கண்காணிப்பாளர். மீன்களின் மோப்பத்தை அளந்து சில்லுக்குச் சொல்லும் உணர்வியை, அதாவது சென்சாரை, கழற்றிக் கழுவும் நேரம் அவளுக்கு மட்டுமே தெரியும். கேரட்டில் புழு விழுந்ததும் அந்த நேரம் பார்த்து மருந்தடித்தாள். ஓய்வு கருவிக்குத்தான், மீனுக்கு இல்லை என்பது அந்தப் பதற்றத்தில் உறைக்கவில்லை. அவள் தோட்டம் மேல்மடுவுக்குக் கீழே இருந்ததால் மருந்து கீழ்மடுவுக்கு ஓடியது. மேல்மடு மீன்களுக்கு ஒன்றுமில்லை. அவள் மூக்குக்கும் ஒன்றுமில்லை.

“எவனோ படுபாவி பண்ணின வேலைங்க. நீங்கதான் கண்டுபிடிக்கணும். உங்களை விட்டா எங்களுக்கு யாருங்க இருக்காங்க?”

பிலோமினாவுக்கு முகம் எரிந்தது.

“மீனுக்கு எப்பங்க சரியாகும்?”

“மூணு நாலு மாசம் ஆகும்.”

வினோதினி குழந்தையை நீட்டினாள். “அப்ப இவளையும் மோந்து சொல்லிடுங்கக்கா. பச்சைக் குழந்தை வாசம் அதுக்குள்ள போயிருமாம். பெத்த எனக்குத் தெரியாமயே போயிரும். நீங்க சொன்னா மனசுல வெச்சுக்குவேன்.”

பிலோமினா குழந்தையை வாங்கிக் குனிந்தாள். உச்சந்தலையின் இளஞ்சூட்டோடு அந்த மணம் ஏறி வந்தது. அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்பதுபோல் இருந்தது அவளுக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றது, நிமிர முடியவில்லை.

“சொல்லுங்கக்கா.”

“நான்தான் வினோ. மருந்தடிச்சது நான்தான்.”

வினோதினி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதி வழியில் நின்று திரும்பினாள்.

“ஊர்ல என்ன பேசணுமோ அப்புறம் பேசிக்கலாம். வாசம் எப்படி இருந்துச்சு? அதை இன்னும் நீங்க சொல்லலை.”