இருபத்து நான்காவது நிலையம்

தங்கை இரண்டு பைகளோடு என் வீட்டுப் படியேறி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பழைய கட்டடம். மூன்றாவது மாடியில் என் வீடு. படிக்கட்டில் எப்போதும் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும். எனக்கு மேலே மொட்டை மாடி. அதன் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். உயர்த்திக் கட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். "மாடிக்கு யாரும்மா போறா?" என்பார்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலும் வண்டியை ஓரம் கட்டி, கைப் பிரேக் போட்டுவிட்டுத்தான் சாய்ந்தார் என்று கண்டக்டர் அழுதுகொண்டே சொன்னார். மாப்பிள்ளை அப்படிப்பட்ட மனுஷன். அவர் போய் நாலு மாசம் ஆகியும் இவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டம்மா போன் பண்ணினார். நான்தான் "கிளம்பி வாடி" என்று திட்டி வரவழைத்தேன்.

சின்ன வயசில் தூக்கத்தில்கூடப் பேசுகிறவள். இப்போது நாளைக்கு நாலு வார்த்தை. எனக்கோ காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர் வேலை. யார் பேசினாலும் கை பாட்டுக்கு எழுதும், மனசு காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும். பத்தொன்பது வருஷப் பழக்கம். கல்யாண வீட்டில் யாராவது நீளமாகப் பேசினால்கூட என் விரல் புடவையில் எழுதத் தொடங்கிவிடும்.

வீடு இப்படி ஊமையாகக் கிடக்கக் கூடாது என்றுதான் அந்த ரேடியோவை வாங்கினேன். எங்கள் தெருவில் பகலில் கரன்ட் எப்போது போகும் என்று கரன்ட்டுக்கே தெரியாது. அதனால் சோலார். செங்கல் அளவு, தலையில் தகடு, முகத்தில் விரல் நீளத்துக்கு ஒரு திரை. நிலையங்களின் பெயர் அதில் வரிசையாக வரும். "வெயில்ல வெச்சாப் போதும் மேடம். இது பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கும்," என்றார் கடைக்காரர். வீட்டில் இப்படி ஒரு ஆள்தான் தேவை என்று சொல்லி வாங்கி வந்தேன்.

ஜன்னல் திட்டில் வைத்துத் தேடவிட்டேன். எண் ஏறி ஏறி இருபத்து மூன்றில் நின்றது. செய்தி, பாட்டு, பங்குச் சந்தை, மருத்துவர் பேட்டி. வெயில் நகர்ந்து தகட்டில் நேராக விழுந்ததும் எண் இருபத்து நான்கு ஆனது. அந்த வரியில் பெயர் இல்லை. அழுத்திப் பார்த்தேன். டிஜிட்டல் ரேடியோவில் இரைச்சல் வராது. நிலையம் இருந்தால் சத்தம், இல்லாவிட்டால் மௌனம். இது இரண்டும் இல்லை. ஓர் அறையில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

என்னமோ கோளாறு என்று பாட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பத்தே நாளில் அவள் தேறினாள். தலை வாரினாள், தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நான் வரும்போதெல்லாம் அவளுடைய நாற்காலி இடம் மாறியிருக்கும். காலையில் கிழக்கு ஜன்னல், மத்தியானம் கூடத்து நடுவே, சாயங்காலம் படிக்கட்டு வாசல். வெயில் போகும் இடமெல்லாம் ரேடியோவும் போகும், ரேடியோ பின்னால் இவளும் போவாள்.

"என்னடி, சூரியகாந்தியா நீ?" என்றேன்.

சிரித்தாள். நாலு மாசத்தில் முதல் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை எனக்கு விடுமுறை. பத்து மணி இருக்கும். குளித்துவிட்டு வந்தால் கூடத்தில் பேச்சுச் சத்தம். அவள் என்னவோ சொன்னாள். ஓர் ஆண் குரல் பதில் சொன்னது.

மாப்பிள்ளையின் குரல்.

என் ஈரத் தலை அப்படியே சில்லிட்டுப் போனது. கதவிடுக்கில் பார்த்தேன். அவள் மடியில் ரேடியோ, அதன்மேல் பளீரென்று வெயில். சூடான பிளாஸ்டிக்கின் வாசனை அறை முழுக்க இருந்தது. மேகம் மறைத்தால் குரல் அறுந்துபோகும், வெயில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதே கரகரப்பு, அதே இழுப்பு. நானும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆனால் மேஜைமேல் குறிப்பேடு இருந்தது. கை அதைத் தேடி எடுத்து எழுத ஆரம்பித்திருந்தது.

வெயில் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் போனதும் குரல் நின்றது. நான் உள்ளே போனேன்.

"அவருதான்கா," என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "மொதல்ல சரியாக் கேக்கல. இப்ப நல்லாப் பேசறாரு. மாடியில வெயில் ரொம்ப நேரம் இருக்காம், அங்க வரச் சொல்றாரு."

"மாடிக்கா?"

"சுவரோரமா நின்னா இன்னும் தெளிவாக் கேக்குமாம்."

நான் எழுந்துபோய் மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் குறிப்பேட்டைப் பிரித்துப் படித்தேன். குரலை எடுத்துவிட்டால் வார்த்தை மட்டும்தானே நிற்கும். முதல் பக்கத்தில் இப்படி இருந்தது.

*ரேடியோ: எப்படி இருக்கே, தங்கம்?*

*தங்கை: தங்கமா? இன்னைக்கு என்ன புதுசா? வாலுன்னுதானே கூப்பிடுவீங்க?*

*ரேடியோ: ஆமா, வாலு. வாலுன்னுதான் கூப்பிடுவேன்.*

*ரேடியோ: அன்னைக்கு நாம எங்க போனோம், ஞாபகம் இருக்கா?*

*தங்கை: ஏரிக்கரைக்கு. மழையில மாட்டிக்கிட்டோமே.*

*ரேடியோ: மழையில மாட்டிக்கிட்டோம். ஏரிக்கரையில.*

பன்னிரண்டு பக்கமும் இதே கதைதான். இவள் முதலில் சொல்லாத ஒரு விஷயத்தைக்கூட அது சொல்லவில்லை. எங்கள் கோர்ட்டில் இதற்குப் பேர் சொல்லிக்கொடுத்த சாட்சி. இந்த மாதிரி எத்தனையோ பேரை எழுதியிருக்கிறேன். இந்தச் சாட்சிக்கு என் தங்கையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றே ஒன்றுதான் யாரும் சொல்லிக்கொடுக்காதது. சுவரோரமா வா.

மறுநாள் காலை அவளை உட்கார வைத்தேன். கோர்ட்டில் ஒரு முறை உண்டு. சாட்சி சொல்லி முடித்ததும், சொன்னதையெல்லாம் அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத்தான் நானும் செய்தேன். பன்னிரண்டு பக்கத்தையும் வாய்விட்டு, நிறுத்தி நிதானமாக, ஓர் எழுத்து விடாமல் படித்தேன். அவள் மடியில் ரேடியோ இருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள். அணைக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"அவரு குரல் எனக்குத் தெரியாதாக்கா?"

"குரல் என்னடி குரல்! நீ சொல்லாததை ஒண்ணு கேளு. நெசமான ஆளுன்னா பட்டுனு சொல்லுவாங்க. இப்ப என்னைக் கேளேன். ஏழு வயசுல நான் தூங்கும்போது என் பின்னலைக் கத்தரியால வெட்டினியே. கணக்குல நான் தோத்துப்போய் அப்பா கையெழுத்தை நானே போட்டேனே, அது உனக்கு மட்டும்தானே தெரியும்?"

ஒன்று சொன்னால் இன்னொன்று வந்தது. மொட்டைத் தலை வாத்தியார், கிணற்றில் போட்ட செருப்பு, எனக்கு வந்த ஒரே காதல் கடிதத்தை அவள் பள்ளிக்கூடத்தில் வாசித்துக் காட்டியது. இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம். மத்தியானம் வரை பேசினோம். அப்புறம் அவளே ரேடியோவைத் தூக்கி முகத்தருகே வைத்துக்கொண்டாள்.

"எனக்கு எழுதின மொத லெட்டர்ல என்ன எழுதியிருந்தீங்க?"

சத்தமே இல்லை.

பிறகு, ரொம்பச் செல்லமாக, "நீயே சொல்லேன், வாலு."

அவள் முகம் மாறியது. உள்ளங்கையால் தகட்டை அழுத்தி மூடினாள். அதை நான் இரும்பு பீரோவில், போர்வைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கைப்பையில்.

மூன்று வாரம் நிம்மதியாகப் போனது. ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அவளே விண்ணப்பம் போட்டாள். பழைய வாயாடித்தனமும் கொஞ்சம் திரும்பியது. சாமி, இது போதும் என்றிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, எங்க இருக்கே?"

"கோர்ட்டுலதான். ஏன், என்னாச்சு?"

அவள் மூச்சு எதிரொலித்தது. படிக்கட்டில் நிற்கிறாள் என்று புரிந்தது.

"சீக்கிரமே வந்துட்டேன், மேல வான்னு மாடியிலேருந்து நீ கூப்பிட்டுக்கிட்டே இருக்கே," என்றாள்.

"நான் இல்லடி. கீழ இறங்கு. உடனே இறங்கு."

"அவளும் அதைத்தான் சொல்றா. போன்ல பேசறது அக்கா இல்லன்னு."

அப்போதுதான் எனக்கும் கேட்டது. தூரத்திலிருந்து, என்னுடைய குரல். நான் படித்துக் காட்டும்போது வரும் குரல், நிறுத்தி நிதானமாக.

"வாடி. வெயில் இருக்கும்போதே வா."

கோர்ட்டு வராந்தாவில் நூறு பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நெசமான அக்கான்னா ஏதாவது சொல்லு," என்றாள். நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

"பின்னலை வெட்டினியே!"

"அதைச் சொல்லிட்டா."

"அப்பா கையெழுத்து—"

"சொல்லிட்டா."

வாத்தியார், செருப்பு, கடிதம். சொல்லிட்டா, சொல்லிட்டா, சொல்லிட்டா. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு படி ஏறுவது கேட்டது. மாடிக் கதவின் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. காற்றுச் சத்தம் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போலிருக்கிறது, என் பேச்சு எனக்கே திரும்பி வந்தது. அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை.

என்னிடம் ஒன்றுதான் மிச்சம். யாரிடமும் சொல்லாதது.

"மாப்பிள்ளை சாகறதுக்கு ஒரு வாரம் முன்னால எனக்குப் போன் பண்ணினார்," என்றேன். "நெஞ்சு வலிக்குதுன்னார். வாயுவா இருக்கும், அவகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவான்னார். நான் சொல்லல."

அவள் காலடிச் சத்தம் நின்றது.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்டி."

"நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

"ஆமா."

தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவள் கீழே இறங்கினாள், ஒவ்வொரு படியாக. நான் வராந்தாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மாடியில் யாரும் இல்லை, தரையெல்லாம் வெயில். பீரோ பூட்டியபடி இருந்தது. போர்வைக்கு அடியில் ரேடியோ ஜில்லென்று கிடந்தது, பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் திரையில் வெளிச்சம் வரவில்லை.

அந்த வாரமே பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். வேலை கிடைத்துவிட்டது என்று வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போன் செய்யவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு செய்வது? உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வீட்டில் வாய்விட்டுப் பேசுவதை நிறுத்தினேன். பகலில் ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி வைத்தேன். விடுமுறை நாளில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் வெயில் சாயும் வரை கூடத்தில் நடந்துகொண்டே இருப்பேன்.

இரண்டு மாசம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை.

"அக்கா, போதும்கா. மன்னிச்சுட்டேன்னு எத்தனை தடவை சொல்றது? தெனமும் வந்து அந்த நெஞ்சுவலி விஷயத்தையே சொல்லிச் சொல்லி அழறே. எனக்கே பாவமா இருக்கு."

"நான் உனக்குப் போனே பண்ணலையேடி."

"போன்ல யாரு சொன்னா? ஜன்னலுக்கு வெளியதானே நிக்கறே. இரு, கொக்கி இறுகிக் கிடக்கு, திறக்கறேன்."

அவள் அறை நாலாவது மாடி.

அந்தக் குரல் கேட்டிராத ஒன்று, நான் யாரிடமும் சொல்லாத ஒன்று, ஏதாவது ஒன்று. தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினேன். என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

"அக்கா, இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்டி," என்று போனின் அந்தப் பக்கத்திலிருந்து என் குரல் பதில் சொன்னது.

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.