குண்டுக்காட்டு வெள்ளைக் கல்

எனக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். பட்டாசுச் சத்தத்துலயே வளர்ந்தவ. ஓசூர்ல நான் வேலை பார்த்த பேக்டரியில லைனை மூடினப்போ, "வெடிக்காத குண்டைத் தேடி எடுக்குற வேலை இருக்கு, வர்றியா மோகனப்ரியா?"ன்னு கேட்டாங்க. வெடிதானே, நமக்கென்ன புதுசான்னு வண்டியேறிட்டேன். பேய், பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா "போய் வேலையப் பாருய்யா"ன்னு சொல்ற ஆளு நான். இப்போ சொல்லப்போறதை நீங்க நம்பணும்னு கட்டாயம் இல்ல.

தளி போற ரோட்டை விட்டு உள்ள இறங்கினா, மேடும் பள்ளமுமா ஒரு புல்காடு. ஒரு காலத்துல பட்டாளத்துக்காரங்க பீரங்கி சுட்டுப் பழகின இடம். அவங்க போயி வருசக்கணக்காச்சு. வெடிக்காம விழுந்ததெல்லாம் மண்ணுக்குள்ள அப்படியே கெடக்கு. ஊர்க்காரங்க அதைக் குண்டுக்காடுன்னுதான் சொல்வாங்க. அங்க தொழிற்பேட்டை வரப்போகுதுன்னு எங்களை இறக்கிவிட்டாங்க.

நான் போய் எறங்கின அன்னைக்குக் காலையில ஒரே பனி. பக்கத்துல நிக்குறவன் மூஞ்சி தெரியல. ஈரப் புல்லு வாசனைக்கு அடியில, கருகின வாசனை ஒண்ணு லேசா இருந்துச்சு. அங்க தீ வச்சு எத்தனையோ காலம் ஆச்சுன்னாங்க.

எங்க மேஸ்திரி ரத்தினவேல் சார், பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆனவர். மொத நாளே ஒரே ஒரு சட்டம் சொன்னார். சிவப்புப் பூசுன கல்லுக்கு அந்தப் பக்கம் இன்னும் தேடாத மண்ணு. வெள்ளைக் கல்லு கெடந்தா தேடி முடிச்ச மண்ணு. "வெள்ளையில நட, சிவப்புல நில். இது ரெண்டும் மனசுல இருந்தா வீட்டுக்குப் போய் சோறு திங்கலாம்." எங்களுக்கு முன்னால ஒரு கம்பெனி கொஞ்ச இடம் முடிச்சுட்டுப் போயிருந்துச்சு. அவங்க வச்ச வெள்ளைக் கல்லும் அங்கங்க கெடந்துச்சு.

என்கூட ஜோடி சேர்ந்தவன் சுபாஷ். உள்ளூர்ப் பையன், கல்யாணம் ஆகி முதல் குழந்தைக்குக் காத்துக்கிட்டிருந்தான். கன்னடமும் தமிழும் ஒரே மூச்சுல பேசுவான். வாயைத் தொறந்தா மூடமாட்டான்.

கம்பி வேலிக்கு வெளியே தெனமும் ஒரு அம்மா ஆடு மேய்ச்சுக்கிட்டு நிக்கும். சாந்தம்மா. நாங்க வந்ததும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரே கேள்விதான் கேட்கும்.

"கெடச்சுதா, கண்ணு?"

"இந்தம்மா வேற, காலங்காத்தால"ன்னு நான் மொதல்ல எரிஞ்சு விழுந்தேன். சுபாஷ்தான் தனியா கூட்டிட்டுப் போய்ச் சொன்னான். "அக்கா, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க மக அருணா, ஆட்டுக்குட்டி பின்னாடி உள்ள ஓடி வந்துச்சு. மண்ணுக்குள்ள இருந்தது வெடிச்சிருச்சு. பள்ளிக்கூடம் போற புள்ளைக்கா. கெடச்சதைத் துணியில சுத்திக் குடுத்தாங்க. ஒரு காலு கெடைக்கல. அந்தக் காலுல இருந்த கொலுசும் கெடைக்கல."

இன்னொரு கொலுசைச் சாந்தம்மா மடியிலயே முடிஞ்சு வச்சிருந்துச்சு. ரெண்டையும் சேர்த்து மகளோட குழிமேட்டுல புதைச்சாத்தான் புள்ள நடந்து போய்ச் சேரும்னு அதுக்கு ஒரு நெனப்பு. இந்த மண்ணை ஜேசிபி விட்டு நெரவுறதுக்குள்ள அது கெடைக்கணும். வேற எதுவும் அதுக்கு வேண்டாம்.

அதுக்கப்புறம் நான் எரிஞ்சு விழல. "தேடுறோம்மா"ன்னு சொல்லிட்டுப் போவேன்.

தேடுற மெஷினை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. நீளக் குச்சி, நுனியில ஒரு தட்டு, காதுல ஹெட்போன். அடியில இரும்போ பித்தளையோ இருந்தா காதுக்குள்ள ஙொய்யுனு கத்தும். இல்லேன்னா கப்சிப்.

அப்படிக் கப்சிப்னு இருந்த ஒரு காலையிலதான் அது கேட்டுச்சு.

ஜல்.

அப்புறம் புல்லு மட்டும் சரசரன்னுச்சு.

மறுபடி, ஜல்.

வயர் லூசுன்னு நெனச்சேன். மெஷினை மாத்தினேன். அதுலயும் அதே. ஒரு அடிக்குச் சத்தம், அடுத்த அடிக்குச் சத்தம் இல்ல. யாரோ சின்னப் புள்ள, ஒத்தக் காலுல மட்டும் கொலுசு போட்டுக்கிட்டு என்னைச் சுத்தி நடக்குற மாதிரி. சுபாஷ் காதுல மாட்டிப் பார்த்துட்டு, "ஒண்ணும் இல்லியேக்கா, நேத்து தூங்கலையா?"ன்னு கிண்டலடிச்சான். நான் மெஷினை வாங்கி மறுபடி தேட ஆரம்பிச்சேன்.

அன்னைக்கு அமாவாசை. முந்தின வாரம் பூரா மழை பேஞ்சு, பனி விலகாம அப்பியிருந்துச்சு. டீ நேரம். எங்க இடத்துக்கும் வேலிக்கும் நடுவுல ஒரு புங்கமரம், அதடியில பளிச்சுனு ஒரு வெள்ளைக் கல்லு. முன்னால இருந்த கம்பெனி வச்சதுன்னு நாங்க எல்லாருமே நெனச்சிருந்தோம். சுபாஷ் தூக்குவாளியை ஆட்டிக்கிட்டே, "அங்க உக்காரலாங்க்கா, காஞ்ச எடமா இருக்கு"ன்னு நடந்தான்.

நான் ஹெட்போனைக் கழட்டிக் கழுத்துல போட்டிருந்தேன்.

ஜல்.

காதுல எதுவும் இல்ல. வெறுங்காதுல கேட்குது.

ஜல். ஜல். ஜல்.

ஒத்தக் கொலுசு ஓடுது. என்னைத் தாண்டி, சுபாஷைத் தாண்டி ஓடுது. அவனுக்கு முன்னால இருந்த புல்லு, உள்ளங்கை அகலத்துக்கு அமுங்குச்சு.

ஒரு இடம்தான். பக்கத்துல அடுத்த கால் அமுங்கல.

தேங்காயெண்ணெய் வாசனை. இப்பத்தான் தலை சீவிவிட்ட மாதிரி.

"டேய் சுபாஷ்! நில்லுடா! காலத் தூக்காத!"

தொண்டை கிழியக் கத்தினேன். அவன் நான் விளையாடுறேன்னு நெனச்சுத் திரும்பிச் சிரிச்சான். என் மூஞ்சியப் பார்த்ததும் சிரிப்பு போச்சு.

தட்டை நீட்டிக்கிட்டே அவன்கிட்டப் போனேன். அவன் அடுத்த கால் வைக்க வேண்டிய இடத்துல மெஷின் அலறிடுச்சு. வந்த தடத்துலயே அவனைப் பின்னால நடக்கவச்சு வெளிய கொண்டாந்தோம். அவன் கீழ உக்காந்து, பொண்டாட்டி பேரைச் சொல்லிச் சொல்லி அழுதான்.

ரத்தினவேல் சார் படுத்துக்கிட்டு மண்ணை விரலால ஒதுக்கினார். துருப்பிடிச்ச குண்டு ஒண்ணு தெரிஞ்சுச்சு. அதோட மூக்குக்கு அடியில, பாதி மண்ணுக்குள்ள, கறுத்துப்போன ஒரு கொலுசு.

"இந்த வெள்ளைக் கல்லை எவன்டா இங்க வச்சது?" சார் போட்ட சத்தத்துல மரத்துல இருந்த காக்கா பறந்துருச்சு.

வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து சாந்தம்மா சொல்லுச்சு. "நானு சாமி."

செத்தவங்களுக்குக் கல்லு நட்டு, அமாவாசைக்குச் சுண்ணாம்பு பூசி, குங்குமம் வைக்கிறது அவங்க வீட்டு வழக்கம். மக விழுந்த இடத்துல வச்ச கல்லு அது. போன அமாவாசைக்கு, நாங்க இந்த வேலைக்கு வந்து சேர்றதுக்கு முன்னாலயே, கம்பி பிஞ்ச வழியா வந்து பூசிட்டுப் போயிருக்கு. போன வாரத்து மழையில குங்குமம் கரைஞ்சு போச்சு, வெள்ளை மட்டும் நின்னுச்சு.

வெள்ளைக்கு எங்ககிட்ட என்ன அர்த்தம்னு சார் சொன்னதும் அந்தம்மா உக்காந்துருச்சு. "நான் வச்ச கல்லா? என் கல்லப் பாத்தா அந்தப் பையன் வந்தான்?" வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிச்சு. என்னால பார்க்க முடியல.

அப்புறம் கொலுசு கெடச்சதைச் சொன்னோம். சொல்லாம இருந்திருக்கலாம்.

"எடுத்துக் குடுங்க சாமி. கால்ல விழறேன்."

"எடுக்க முடியாதும்மா. அதை அசைச்சா குண்டு அசையும். அங்கயே வச்சுத்தான் வெடிக்கணும்."

நான் சாரோட சண்டைக்கே போயிட்டேன். "என்ன சார் மனுசன் நீங்க? ஒரு கம்பியை விட்டு இழுத்துப் பார்க்கக் கூடாதா? இத்தனை வருசமா வேலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது சார்!" "எடுக்க முடிஞ்சா என் கையாலயே எடுத்து அது கையில குடுக்க மாட்டேனா, தாயி?"ன்னார். அவர் கண்ணு கலங்கி நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

சாந்தம்மா மடியை அவுத்து, தன்கிட்ட இருந்த கொலுசைக் கம்பி வழியா நீட்டுச்சு.

"அப்ப இதையும் அதுங்கூடவே வச்சிருங்க. ரெண்டும் ஒண்ணாப் போகட்டும்."

சட்டப்படி கூடாது. சார் வாங்கிக்கிட்டார். மண் மூட்டை அடுக்கி, மருந்தைப் பொருத்தி, அதுக்கு மேல அந்தக் கொலுசைப் பூ வைக்கிற மாதிரி வச்சுட்டு வந்தார். எல்லாரும் தூரப் போனோம். சங்கு ஊதுச்சு. பூமி ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு. சாந்தம்மா காதைப் பொத்தல.

பள்ளத்துல சல்லடை போட்டுத் தேடியும் பொட்டு வெள்ளி இல்ல. அதைச் சொல்லத்தான் வேலிக்கு வெளியே, ஆட்டுத்தடத்துல நின்ன சாந்தம்மாகிட்டப் போனேன். தோள்ல மெஷின், கழுத்துல ஹெட்போன். எப்படிச் சொல்லன்னு நின்னப்போ, அந்த ஹெட்போனுக்குள்ள கேட்டுச்சு.

ஜல் ஜல். ஜல் ஜல்.

ரெண்டு காலும்.

அதைக் கழட்டிச் சாந்தம்மா காதுல மாட்டினேன். அந்த மூஞ்சி மலர்ந்ததை என்னால சொல்ல முடியாது. "போட்டுக்கிட்டா. என் மகளு ரெண்டும் போட்டுக்கிட்டா"ன்னு அழுதுச்சு, சிரிச்சுச்சு. "வர்றா. அம்மாகிட்ட வர்றா." கையை விரிச்சுக்கிட்டு ஒரு அடி எடுத்து வைக்கப் போச்சு.

அப்படியே நின்னுச்சு.

"ஏன்டி நின்னுட்டே?"

எங்க ரெண்டு பேருக்கும் முன்னால புல்லு அமுங்கியிருந்துச்சு. பக்கத்துல பக்கத்துல, ரெண்டு சின்னப் பாதம்.

நான் அந்தம்மாவை இடுப்போட சேர்த்துப் பிடிச்சேன். தட்டை நீட்டினேன்.

மெஷின் அலறுச்சு.

வேலிக்கு வெளியே. தெனமும் ஆடு போற தடம். புள்ளைங்க பள்ளிக்கூடம் போற தடம்.

சாந்தம்மாவுக்கு விளங்க நான் ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்கல. இந்த அமாவாசைக்குக் கல்லுக்கு வைக்கக் கொண்டாந்த குங்குமம் முந்தானையில இருந்துச்சு. ஒரு கல்லைப் பொறுக்கி, பொட்டலம் பூராவும் அப்பி, அந்தப் பாதத்துக்கு முன்னால வச்சுச்சு. சிவப்புக் கல்லு.

"போதும் மகளே. இனி இவங்க பாத்துக்குவாங்க. நீ வீட்டுக்குப் போடி"ன்னு குனிஞ்சு கெஞ்சுச்சு.

ஹெட்போன் கழுத்துல தொங்குது. அது இல்லாமலே எனக்கும் கேட்டுச்சு.

ஜல் ஜல். ஜல் ஜல்.

வீட்டுப் பக்கம் இல்ல. வேலியைத் தாண்டி, நாங்க இன்னும் தேடாத காட்டுக்குள்ள போச்சு.