இரட்டைப் பதிவு

ஒரே செய்தி இரண்டு முறை பகிரப்பட்டிருந்தது, இரண்டும் ஏலவார்குழலியின் கணக்கிலிருந்து. அவள் அன்று எதையும் பகிரவில்லை.

தொழில்நுட்பச் செய்திகளையும் புதிதாக முளைக்கும் நிறுவனங்களின் கதைகளையும் பகிரும் அந்த இணையக் குழுவில் நாற்பதாயிரம் பேர். ஒரே செய்தி மறுபடி வந்தால் ஒன்றை நீக்குவது மாடியறையில் அவள் செய்யும் வேலை. யாரும் பேசாத பதிவுதான் போக வேண்டும், அது விதி. மூன்று பொறுப்பாளர்கள் ‘நீக்கு’ என்று அழுத்திவிட்டால் பிறகு மீட்க முடியாது. திறந்து படிக்க யாருக்கும் நேரமில்லை. கருத்துகளின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், அழுத்துவார்கள். ஒன்றில் இருநூற்றுப் பன்னிரண்டு கருத்துகள். மற்றதில் ஒன்றுமில்லை. அவளும் அழுத்தினாள்.

கீழே சிவபாலனின் தறி ஓடிக்கொண்டிருந்தது. மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் நீட்டியிருக்க, தெருவிலிருந்து பட்டுச் சாயத்தின் ஈர வாடை ஏறிவர, கணவனோடு கடைசியாக எப்போது பேசினோம், செவ்வாயா புதனா என்று தெரியாமல், தெரியாததில் வருத்தமும் இல்லாமல், குழலி டீயை ஆறவிட்டாள்.

தறி நின்றது. கீழே யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு சிவபாலன் சிரித்தான், மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு.

முதல் சிரிப்பு குழலியுடையது.

கருத்துகள் குவிந்த பதிவைத் திறந்தாள். ஒருவரின் குரலையும் பழக்கங்களையும் கற்றுக்கொண்டு அவராகவே வாழும் ஒன்றை, காஞ்சிபுரத்தில் ஒரு புதிய நிறுவனம் சோதிக்கிறதாம். படத்தில் அவர்கள் வீட்டு அடுப்படி. அடுப்புக்கு முன்னால் குழலி, நேற்றுத் துவைத்துக் காயப்போட்ட பச்சைப் புடவையில், படமெடுப்பவரைப் பார்த்துச் சிரித்தபடி.

அவள் நீக்க அழுத்திய பதிவிலும் ஒரு படம். இந்த அறை. அவள் முதுகு. ஆறிய டீ.

திரும்பினாள். யாருமில்லை.

இன்னொரு பொறுப்பாளரான தினேஷை அழைத்தாள்.

"தினேஷ், அந்தப் பதிவ நீக்காதடா."

"யாருங்க?"

"குழலி அக்காடா."

"வெளயாடாதீங்க. அக்கா இப்பதான் பேசினாங்க, ஜோக்கெல்லாம் அடிச்சிக்கினு. அவங்கதான் நீக்கச் சொன்னாங்க. நானும் அழுத்திட்டேன், அபிநயாவும் அழுத்திட்டா."

மூன்று.

அவள் ஏதோ சொன்னாள்.

"ஹலோ? ஹலோ?" என்றான் தினேஷ். வைத்துவிட்டான்.

கீழே சிவபாலனின் குரல். "மாடில ஃபேன் ஓடிக்கினு இருக்குதே, யாரும்மா போட்டது?"

"நான்தாம்பா, நிறுத்த மறந்துட்டேன். வா, போய் நிறுத்திட்டு வரலாம்." அவள் குரல். அவள் இழுத்துப் பேசும் விதம்.

"ஒரு ஃபேன நிறுத்த ரெண்டு ஆளா! கல்யாணமான புதுசு மாதிரி பண்றியே."

படிகளில் நான்கு பாதங்கள்.

குழலி கத்தினாள். அவளுக்கே கேட்கவில்லை.

சிவபாலன் உள்ளே வந்தான். அவன் பனியனைப் பிடித்து இழுத்தாள். அவன் ஃபேனை நிறுத்தினான். நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினான். டீயை முகர்ந்து முகத்தைச் சுளித்தான், டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

வாசலில் பச்சைப் புடவை. அவன் இறங்கிப் போகும்வரை அது அங்கேயே நின்றது. பிறகு குழலியை நேராகப் பார்த்தது.

உதட்டில் விரல் வைத்தது.

கண்ணை எடுக்காமலே, கதவை வெளியிலிருந்து மெல்ல இழுத்தது.