நானூற்றுப் பன்னிரண்டு தலைகள்!

முதலில் விழுந்தது மாயாண்டியின் தலை.

சத்தம் இல்லை. ரத்தம் இல்லை. கழன்றது... நேராகக் கீழே இறங்கியது... அடியில் போய்க் கிடந்தது.

அடுத்து சன்னாசி. அவருக்கு இரண்டு காலும் போயின.

மூன்றாவது முத்தம்மா. அந்த அம்மாள் நடுவில் பிளந்தாள். ஒரு பாதி செமோரிலேயே தங்கிவிட, மறு பாதி தெலுக் இந்தான்காரர்கள் தலையில் போய் விழுந்தது!

ஈப்போ, புந்தோங். 1989 நவம்பர். சனிக்கிழமை காலை மணி பத்து.

கார்த்திகேசு நாற்காலியை விட்டு எழுந்தார். நாற்பது வருஷம் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதியவர். மூன்று வெள்ளைக்காரத் துரைகளையும், இரண்டு ஸ்ட்ரைக்குகளையும், ஆபீசுக்குள் புகுந்த ஒரு யானையையும் சமாளித்தவர். யானையிடம்கூடப் பெயர், முகவரி கேட்டவர்.

இன்று அவராலும் முடியவில்லை. போனைச் சுழற்றினார்.

"டிரெசர்... ஒடனே வாங்க. மாயாண்டிக்குத் தல போச்சு. சன்னாசிக்குக் கால் இல்ல."

மறுமுனையில் மரியஜோசப். அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷம் மருந்து கொடுத்து, ஊசி போட்டு, டிரெசராகவே ரிட்டயர் ஆனவர். பதறவில்லை.

"மூச்சு இருக்கா?"

"கம்ப்யூட்டர்ல லா!"

"அப்ப ஊசி வேணாம். டிஸ்க்க எடுத்துக்கிட்டு வாரேன்."

வாசகர்கள் பயப்பட வேண்டாம். மாயாண்டி ஆயர் தாவாரில் சௌக்கியமாக ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தார். விழுந்தது திரையில் இருந்த அவர் பெயரின் முதல் எழுத்து. அதன் பின்னால் மற்ற எழுத்துகள், மாசி மாதத்து ரப்பர் இலை மாதிரி, பொலபொலவென்று...

ஆனால் ஆபத்து என்னவோ உண்மை!

அது நவமணியின் கல்யாணப் பட்டியல். கார்த்திகேசுவின் ஒரே மகள். கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள். தோட்டத்தை விற்றுத் துண்டு போட்ட பிறகு மூலைக்கு ஒன்றாய்ப் போன நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். இரண்டு வருஷம் பஸ் ஏறி, கடிதம் போட்டு, சாவு வீடுகளில் விசாரித்துச் சேர்த்த முகவரிகள். திங்கட்கிழமை கார்டுகளைத் தபாலில் சேர்க்க வேண்டும். பட்டியல் இருப்பதோ ஒரே ஒரு டிஸ்க்கில். பழைய நோட்டுப் புத்தகங்களைக் கார்த்திகேசு கிழித்து எறிந்துவிட்டார். கம்ப்யூட்டர் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே கிழித்தார்.

கம்ப்யூட்டர் வாங்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மகன் கல்யாணம். கையால் பட்டியல் எழுதினார். ஊருக்கெல்லாம் கார்டு போனது, ஒருவரைத் தவிர. அவருடைய சொந்த அக்கா ராக்காயி! கூடப் பிறந்தவளுக்குக் கார்டு எதற்கு என்று இவர் விட்டுவிட, கூடப் பிறந்தவன் கார்டு போடவில்லையே என்று அவர் இருந்துவிட... ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. அத்தை வராமல் மணவறையில் ஏறமாட்டேன் என்று நவமணி சொல்லிவிட்டாள்.

மெஷின் மறக்காது என்று நம்பி வாங்கினார். அக்காவின் பெயருக்காகப் பட்டியலில் முதல் வரியைக் காலியாக விட்டிருந்தார். நல்ல நாள் பார்த்து, விஜயதசமியன்று குளித்துவிட்டு வந்து அந்த வரியில் ராக்காயியை அடித்தார். சேமிக்கச் சொன்னார். மெஷின் ஆங்கிலத்தில் ஏதோ முனகியது. மூன்று வழி கொடுத்தது: நிறுத்து, மறுபடி செய், கண்டுகொள்ளாதே.

துரைமார் கேட்ட கேள்விகளுக்கு நாற்பது வருஷமாக எந்த வழியைக் கையாண்டாரோ, அதையே கையாண்டார்.

மூன்றாவது.

பாதுகாப்பிலும் அவர் குறை வைக்கவில்லை. ஆ செங் கடைக்குப் போய் வைரஸ் பிடிக்கும் டிஸ்க் கேட்டார். ஆ செங் இரண்டு காட்டினான். ஒன்று சிவப்பு லேபிள், ஒன்று நீலம். எது நல்லது என்று கேட்டதற்கு, சிவப்பை வாங்கியவன் நீலத்தைத் திட்டுகிறான், நீலத்தை வாங்கியவன் சிவப்பைத் திட்டுகிறான் என்றான். கார்த்திகேசு இரண்டையும் வாங்கினார்.

சிவப்பைப் போட்டார். நீலம்தான் வைரஸ் என்றது.

நீலத்தைப் போட்டார். சிவப்புதான் வைரஸ் என்றது!

"ரெண்டு சம்பந்தியும் ஒரே ரூம்ல இருந்தா இப்படித்தான்" என்றாள் மனைவி மங்களம், வெங்காயம் உரித்தபடியே.

இரண்டும் பரணுக்குப் போயின. அப்போதுதான் மரியஜோசப் பினாங்கிலிருந்து ஒரு டிஸ்க் கொண்டுவந்தார். ஈப்போவுக்கே இந்த ஒன்று போதும் என்றார். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீடெல்லாம் அவருக்குப் பேஷண்ட். தோல் பையும் டிஸ்க்குமாக வாராவாரம் ரவுண்ட்ஸ்! மெஷின் முக்கால் மணி நேரம் உறுமும். டிரெசர் காப்பி குடிப்பார், பசியாறுவார், போவார்.

இப்போதும் பழைய ஹோண்டாவில் வந்து இறங்கினார். திரையைப் பார்த்தார். மானிட்டரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடு இருக்கு."

பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து மெஷினுக்குள் செலுத்தினார். முக்கால் மணி நேரம். காப்பி. மூன்று தோசை.

மறுபடி பட்டியலைத் திறந்தார்கள். ஐந்து நிமிஷம் எல்லோரும் அசையாமல் நின்றார்கள்...

ஆறாவது நிமிஷம், மாயாண்டியின் தலை விழுந்தது!

மரியஜோசப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முற்றிப்போன கேஸ் என்றார். பட்டியல் டிஸ்க்குக்குள்ளேயே நோய் இறங்கிவிட்டதாம். அது இந்த வீட்டில் இருந்தால் மற்ற டிஸ்க்குகளுக்கும் பரவுமாம்.

"எரிச்சுடணும், கிராணி."

"என்னது?"

"வேற வழி இல்ல லா. அம்பத்தேழுல நாலாம் நம்பர் லயத்து வீடுங்கள்ல காலரா வந்தப்ப என்ன பண்ணேன்? பாய எரிச்சேன். காலரா நின்னுச்சா இல்லயா?"

"பாய எரிக்கப் போயி லயமே எரிஞ்சுச்சு" என்றாள் மங்களம்.

"காலரா நின்னுச்சில்ல?"

கொல்லைப்புறம். வாழை மரத்தடி. பிஸ்கட் டின் மூடி ஒன்று தரையில். அதன் மேல் பட்டியல் டிஸ்க். பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தல். மரியஜோசப் கையில் தீப்பெட்டி!

மங்களம் குறுக்கே நின்றாள். தன்னைத் தாண்டித்தான் டிஸ்க் எரியும் என்றாள். கார்த்திகேசு இரண்டு பேரையும் பார்த்தார். எரித்தால் அக்கா போச்சு. எரிக்காவிட்டால், இருபத்தேழு வருஷ அனுபவம் சொல்கிறது, எல்லாம் போச்சு.

ஆனால் ஒரு கிராணி, ரிப்போர்ட் எழுதாமல் எதையும் எரிப்பதில்லை.

"அஞ்சு நிமிஷம் இருங்க, டிரெசர். நோய் எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதிடுறேன்."

உள்ளே போனார். தோட்டத்தில் ஆள் பெயர் பதியும் செக்ரோல் மாதிரி ஒரு காகிதத்தில் கோடு போட்டார். டிரெசரின் பேஷண்டுகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார்.

பெர்னார்ட் வீட்டில்தான் முதல் நோய். ஆ செங் கடை விளையாட்டு டிஸ்க் ஒன்றில் வந்தது. போன திங்கள் டிரெசர் போய் வைத்தியம் பார்த்திருக்கிறார்.

அங்கிருந்து நேராக இசபெல்லா டீச்சர் வீடு. அங்கே நோயே இல்லை, முன்னெச்சரிக்கையாகப் போனார். மூன்றாம் நாள் எழுத்து விழுந்தது.

செவ்வாய், பத்துமலை அண்ணன் வீடு. மூன்றாம் நாள் விழுந்தது.

புதன், கார்த்திகேசு வீடு. இன்று சனி...

கார்த்திகேசு விரல் விட்டு எண்ணினார். பென்சில் நின்றது.

கொலைகாரனுக்கு மூன்று தோசை போட்டிருக்கிறார்கள்!

காகிதத்துடன் கொல்லைக்கு வந்தார். குரல் தணிந்திருந்தது.

"டிரெசர். தோட்டத்துல எத்தன பேருக்கு ஊசி போட்டிருப்பீங்க?"

"ஆயிரத்து எண்ணூறு பேர் இருக்கும்."

"எத்தன ஊசி?"

மரியஜோசப் கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்ணுதான். நல்ல ஊசி லா. இங்கிலாந்து ஊசி."

வாழை இலை ஒன்று தானாக ஆடி நின்றது.

அந்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். நவமணி. டவுனில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமை அரை நாள். கல்யாணப் பெண் கொல்லைப்புறத்துக்கு வந்தாள். மண்ணெண்ணெயைப் பார்த்தாள், தீப்பெட்டியைப் பார்த்தாள், காகிதத்தை வாங்கிப் படித்தாள். டிரெசரின் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் சதுரமாக ஒரு சிறு வெட்டு.

"இந்த வெட்ட மூடி ஒரு சில்வர் ஸ்டிக்கர் இருந்திருக்குமே, அங்கிள்?"

"சீலா? வந்தன்னிக்கே உரிச்சுட்டேன். சீல் பிரிக்காத மருந்த யாராச்சும் குடுப்பாங்களா?"

நவமணி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அந்த வெட்டு மூடியிருந்தால் டிஸ்க்கைப் படிக்கலாம், அதில் எதுவும் எழுத முடியாது, வைரஸாலும் முடியாது. திறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பெர்னார்ட் வீட்டு வைரஸ் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மருந்துக்கே நோய்! பிறகு டிரெசரோடு வீடு வீடாகப் போய்ப் பசியாறியிருக்கிறது.

மரியஜோசப் தீப்பெட்டியை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டார்.

"அப்ப நம்ம பட்டியலு?" கார்த்திகேசு டின் மூடியைக் காட்டினார். "அதுலயும் அந்த வெட்டு இருக்குமே?"

நவமணி டின் மூடியிலிருந்து டிஸ்க்கை எடுத்தாள். ஓரத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

வெட்டைக் காணவில்லை. அந்த இடத்தில், வட்டமாக, கறுப்பாக, பெரிதாக...

ஒரு ஸ்டிக்கர் பொட்டு!

"அம்மா. இது உங்க பொட்டா?"

மங்களம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சரஸ்வதி பூசைக்கு வச்சேன். கல்யாணப் பட்டியல் இருக்குற சாமான். ஓரத்துல எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு. மூளியாவா பூசையில வைக்கிறது? அதான் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு ஒட்டி மறச்சுட்டேன்."

அப்படியென்றால் எழுத்து விழுந்தது திரையில் மட்டும்தான்; நோய் மெஷினில் இருந்தது, பட்டியலுக்குள் போகவே இல்லை. சிவப்பு லேபிள், நீல லேபிள், பினாங்கு மருந்து எல்லாம் தோற்ற இடத்தில், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பாக்கெட் ஐம்பது காசுக்கு விற்கும் பொட்டு ஜெயித்திருந்தது!

மெஷினோடு வந்த அசல் டிஸ்க்குகள் சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் பிரிக்காமலே இருந்தன. டிரெசரின் கை படாத டிஸ்க்குகள். நவமணி அவற்றைப் போட்டு மெஷினைக் கிளப்பினாள். பட்டியலைத் திறந்தாள்.

மாயாண்டி வந்தார். தலையோடு வந்தார். சன்னாசி இரண்டு காலில் நின்றார். முத்தம்மா ஒரே ஆளாக இருந்தாள்.

ஐந்து நிமிஷம்... பத்து... அரை மணி. ஒரு எழுத்தும் விழவில்லை!

கார்த்திகேசு கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரிண்டரை முடுக்கினார். கர்ர்ர்... கர்ர்ர்... முகவரி லேபிள்கள் வரிசையாக வந்தன. முதல் லேபிள் மட்டும் வெறுமையாக வந்தது. மெஷின் இன்னும் சூடாகவில்லை போலிருக்கிறது என்று கிழித்துப் போட்டார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணத்தான் மெஷின் இருக்கிறதே?

திங்கட்கிழமை கார்டுகள் தபாலில் போயின.

வியாழக்கிழமை காலை போன் அடித்தது.

"தம்பி."

கார்த்திகேசு எழுந்து நின்றுவிட்டார். ஒன்பது வருஷம் கழித்து அந்தக் குரல்!

"மாயாண்டிக்குக் கார்டு வந்துருக்கு. முன் வீட்டுக்கு வந்துருக்கு. இந்த ரோட்டுல எனக்கு மட்டுந்தான் வரல."

வெறுமையான லேபிள் கண் முன்னால் பறந்தது. சரஸ்வதி பூசையன்று பொட்டு. மறுநாள் விஜயதசமி. மூடிய டிஸ்க். வைரஸும் எழுத முடியாது... அக்காவையும் எழுத முடியாது! அதைத்தான் மெஷின் அன்று முனகியிருக்கிறது. இவர் கண்டுகொள்ளாதே என்றிருக்கிறார்!

ஒளிக்காமல் சொன்னார். வெட்டு, பொட்டு, மூன்றாவது வழி, எல்லாவற்றையும். அக்கா விசாரிக்க ஆரம்பித்தார்.

"மெஷினுக்கு ஒடம்பு சரியில்லயா?"

"ஆமாக்கா."

"யாரு பாத்தா?"

"நம்ம டிரெசர்தான்."

போனுக்குள் ஏதோ சத்தம். அழுகிறார் என்று நினைத்தார் கார்த்திகேசு. அழுகை இல்லை. ராக்காயி சிரித்துக்கொண்டிருந்தார்! மூச்சு வாங்கி, இருமி, மறுபடியும் சிரித்தார்.

"அம்பத்தெட்டுல தலவலின்னு அந்தாளுகிட்டப் போனேன். ஊசி போட்டாரு. தலவலி போகல. பக்கத்து வீட்டு முத்தம்மாவோட காய்ச்சலும் கூட வந்துச்சு. அப்ப ஒம் மேல தப்பு இல்ல, தம்பி."

"கார்டு எழுதி இன்னைக்கே நானே கொண்டாந்து குடுக்குறேங்க்கா."

"கார்டு என்னத்துக்கு? ரெண்டு நாள் முன்னாடியே வாரேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன்."

"சொல்லுங்கக்கா."

"பந்தியில அந்த டிரெசர் கையில கரண்டியக் குடுத்துடாத. சாம்பார், ரசம், பாயாசம் எல்லாத்துக்கும் இங்கிலாந்து கரண்டி ஒண்ணே போதும்னு வந்து நிப்பாரு."