ஹார்ட்லி துரையின் வரிசை

மெயின் சுவிட்சை இறக்கிய பிறகும் அந்த பல்பு எரிந்துகொண்டிருந்தது.

பேகம்பூருக்கு அப்பால் பாழடைந்து கிடந்த ஹார்ட்லி துரை பங்களாவை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அங்கிருந்த துரையின் நாட்குறிப்புகளைப் படித்து அவர் வாழ்க்கையை எழுதிவிட வேண்டுமென்று ஒரு வாரமாக வந்துகொண்டிருந்தாள், கல்லூரியில் வரலாறு நடத்தும் அறிவுச்செல்வி. 1998 ஐப்பசி. மூன்று மணிக்கே மழை இருட்டு கட்டியிருந்தது. ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் நாறிய அந்த அறையில், சுவருக்குள் தேனீக்கள் அடைந்தாற்போல ஒரு ரீங்காரம் விடாமல் கேட்டது.

"கம்பத்துலயே லைனைக் கழட்டிட்டேன் டீச்சர்," என்றார், இடிப்பதற்கு முன் இணைப்பைத் துண்டிக்க வந்திருந்த வயர்மேன் அருளப்பன். "இது எதுல எரியுதுன்னு தெரியல. செத்த நேரம் இருங்க, சுவத்தைத் தட்டிப் பாக்குறேன்."

அவள் கடைசி நாட்குறிப்பைப் புரட்டினாள். ஆப்கன் போரில் தந்திக்கம்பி இழுத்த ராணுவ எஞ்சினியர் ஹார்ட்லி, பட்டாளத்தை விட்டு விலகித் திண்டுக்கல் வந்து, மின்சாரமே கதியென்று கிடந்திருக்கிறார். 1889-இல் கம்பி தீர்ந்துபோனபோது, கூலிக்கு வந்த பதினேழு பேரை இந்த அறையில் கைகோத்து நிற்கவைத்து, அவர்கள் உடம்பு வழியாகவே மின்சாரத்தைச் செலுத்தியிருக்கிறார்.

'கையை விடக்கூடாதென்று உத்தரவிட்டேன். கீழ்ப்படிந்தார்கள். இறந்த பிறகும் பிரிக்க முடியவில்லை. நின்றபடியே வைத்துச் சுவரெழுப்பினேன்.'

அடுத்த பக்கத்தில் இரண்டே வரி.

'இன்னும் ஆள் வேண்டுமாம். நானும் சுவருக்குள் போய்க் கைகொடுக்கப் போகிறேன்.'

காரை பெயர்ந்து விழுந்தது. நிமிர்ந்தாள். அருளப்பனின் வலக்கை சுவர் ஓட்டைக்குள் முழங்கை வரை போயிருந்தது.

"டீச்சர்... யாரோ கையைப் பிடிச்சிருக்காங்க."

குரலில் பயம்கூட இல்லை. ஆச்சரியம்தான். பிறகு உடம்பு விறைத்தது. முடி கருகும் வாடை. வெளிச்சம் கூடியது.

தொடக்கூடாது. அவளுக்குத் தெரியும். உடைந்த நாற்காலியின் மரக்காலை எடுத்து அவர் தோளை நெம்பினாள். அவரது இடக்கை மெல்லத் திரும்பியது. அவள் மணிக்கட்டைப் பற்றியது.

வலி இல்லை. குளிர். மூச்சு நின்றது. நினைவு நிற்கவில்லை. சுவருக்குள் பதினெட்டு நாடிகள் துடித்தன. அப்புறம் அருளப்பனுடையது. அப்புறம் அவளுடையது. ஒரே தாளம்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அவள் கணவன் ஜெரோம், வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறான்.

வராதே.

நாக்கு அசையவில்லை. அவளுடைய இன்னொரு கை மட்டும், அவளைக் கேட்காமலே, வாசல் பக்கம் நீண்டது. விரல்கள் விரிந்தன.

நனைந்த சட்டையோடு ஜெரோம் உள்ளே வந்தான். கண் கூசிய வெளிச்சத்தில் அவள் ஒருத்திதான் அவனுக்குத் தெரிந்தாள்.

"என்ன செல்வி, கால் மரத்துப்போச்சா? இரு, வாரேன்," என்று சிரித்தபடி கையை நீட்டினான்.