நாற்பத்து மூன்றாவது டாங்கி

ஐந்தாவதோடு நின்றிருக்க வேண்டிய விரல்கள் ஆறாவதைத் தடவிக்கொண்டிருந்தன. ஆறாவது என்று ஒன்று அங்கே இல்லை.

பால் பொங்கும் வாசம் வந்து அவள் அடுப்படிக்கு ஓடியதும், அணைத்துவிட்டுத் திரும்பியதும் ஒரு நிமிடத்துக்குள்தான். அதற்குள் கணவர் நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரை அடைத்து நின்ற அலமாரியின் இரண்டாம் தட்டில், வெறும் பலகைக்கு மேலே, அவருடைய வலது கை எதையோ சுற்றி வளைந்திருந்தது. நான்கு மணி வெயில் ஜன்னல் வழியாக அந்தப் பலகையில் நேராக விழுந்தது. தூசி தெரிந்தது. தூசியைத் தவிர வேறெதுவும் இல்லை.

"செயின் தொய்வா இருக்கு," என்றார். "இதை யாரு மாட்டினது? நான் இப்படி மாட்ட மாட்டேனே."

"எங்க, பார்க்கிறேன்," என்று அருகில் போனாள். அவர் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்தாள். "நாளைக்கு இறுக்கிடறேங்க."

குரல் சாதாரணமாகவே வந்தது. ஆறு மாதமாகப் பொய் சொல்லிப் பழகிய குரல்.

அவர் முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் அளவு சரிபார்ப்பவராக இருந்தவர். அங்கே அவருக்கு வைத்த பட்டப்பெயர் மில்லிமீட்டர். அவருக்குத் தெரியாமல் அது வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அவளும் மகளும் தங்களுக்குள் கிசுகிசுக்கும்போது அப்பா என்றோ அவர் என்றோ சொல்வதில்லை, மில்லிமீட்டர்தான். சட்டைக் காலர் ஒரு நூல் விலகினாலும் மறுபடி தேய்க்க வேண்டும். தட்டு மேஜை விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்க வேண்டும். வேலை விட்டு வந்தால் டாங்கி. போர் டாங்கிகளின் சிறு மாதிரிகள், நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான உறுப்புகள் எண் போட்டுத் தொங்கும். ஒவ்வொன்றாக வெட்டி, பிசிறு சீவி, மூக்கைத் துளைக்கும் பசையில் ஒட்டுவார். சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயின் மட்டும் உலோகம்: ஒரு பக்கத்துக்குத் தொண்ணூற்றாறு கண்ணி, கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு ஊசி. அப்படி நாற்பத்திரண்டு டாங்கி. அந்த அறைக்குள் மூச்சைக்கூடக் கேட்டுத்தான் விட வேண்டும்.

ஒரு நாள் ஒரு கைப்பிடி தொலைந்துபோனது. டாங்கி மூடியின் கைப்பிடி, எள்ளளவு. அன்று காலைதான் அவள் அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். "தேடிக் குடுத்துட்டுப் போ. தரையைப் பெருக்கினது நீதானே," என்றார். அவள் முட்டி போட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மாலை வரை தேடினாள். கடைசியில் அது அவர் மடித்துவிட்டிருந்த சட்டைக் கைக்குள் இருந்தது. "ம்," என்றார். அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கட்டிலில் வேறொருத்திக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

சர்க்கரை வியாதி முதலில் அவர் கண்ணைக் கொண்டுபோனது. பிறகு விரல் நுனிகளை. சுடுகிற டம்ளரைப் பிடித்துத் தோல் கொப்பளித்த பிறகும் அவர் உணரவில்லை. அவள் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது.

அதற்கு அடுத்த வாரம் தூசி தட்டும்போது ஒரு டாங்கி கைதவறிக் கீழே விழுந்தது. பீரங்கிக் குழல் ஒரு பக்கம், சக்கரங்கள் ஒரு பக்கம்.

"என்ன சத்தம்?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"கரண்டிங்க."

"பார்த்து எடுக்கக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான். நம்பிவிட்டார்.

அன்று ராத்திரி அவள் வெகுநேரம் தூங்கவில்லை. பயத்தால் இல்லை. மறு வாரம் இன்னொன்றை அவளே எடுத்து, சமையலறைத் தரையில் பழைய துணியில் சுற்றி வைத்து, குதிகாலால் மிதித்தாள். நொறுங்கும் சத்தம் உள்ளங்காலிலிருந்து முதுகுத்தண்டு வரை இதமாக ஏறியது. "என்ன சத்தம்?" "மிளகு இடிக்கிறேங்க." அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு. குப்பையோடு குப்பையாகப் போயின.

தினமும் மாலை அவர் அலமாரி முன்னால் உட்கார்ந்து வரிசையைத் தடவிப் பார்ப்பார். குழல் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது என்ற அளவுக்குத்தான் அந்த விரல்களுக்குத் தெரியும். அவருக்காக அவள் ஐந்து டாங்கிகளை மட்டும் விட்டு வைத்தாள். அவர் ஒன்றைத் தாண்டியதும் அதைச் சத்தமில்லாமல் எடுத்து வரிசையின் முன்னால் கொண்டுபோய் வைப்பாள். பின்னால் விட்டதை முன்னால் போடுவது. செயின் ஓடுவதும் அப்படித்தான். ஐந்து டாங்கி நாற்பத்திரண்டாக ஓடியது. அவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, தலையாட்டி, சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்ப்பதில்தான் அவளுக்கு ருசி. ஆறு மாதமாகக் காபி தொண்டையில் இனித்தது.

பால் பொங்கிய நாளுக்கு மறுநாள் அவள் வேண்டுமென்றே ஒதுங்கி நின்றாள். ஐந்தையும் வரிசையாக வைத்துவிட்டு, கதவருகே போய் நின்றுகொண்டாள்.

ஐந்து முடிந்தது. அவர் கை தயங்கவில்லை. வெறும் இடத்தில் ஆறாவதன் மேல் படிந்தது. மேலே போனது, வளைந்தது, ஒரு நீளமான குழலைப் பிடித்து நுனி வரை உருவியது. அவள் பூனை மாதிரி நடந்து அவர் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்து பார்த்தாள். மாடி வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்க, ஒருவன் "வா, வா, வா" என்று கத்திக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் அவர் மூச்சின் ஓசை. அதற்கும் அடியில், மிக மெல்ல, டிக். டிக். டிக். கண்ணி கண்ணியாக ஒரு உலோகச் செயின் நகரும் சத்தம். பசை வாசம் வந்தது. பசைப் பாட்டில் காய்ந்துபோய் அவளே தூக்கிப் போட்டு மூன்று மாதம் ஆகிறது.

அவர் விரல் நுனிகளைப் பார்த்தாள். காற்றில் அளைகிற விரல் உருண்டையாகத்தான் இருக்கும். இவை தட்டையாக இருந்தன. கண்ணாடியில் அழுத்தினால் சதை வெளுத்துப் பரவுமே, அப்படி. எதன் மேலோ.

"நல்ல வேலைப்பாடு," என்றார் அவர். "சன்னமான ஆணித் தலைகூடத் தெரியுது."

மரத்துப்போன விரல்.

இரவு மகளுக்குப் போன் போட்டாள். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். டாங்கிகள் ஒவ்வொன்றாக மறைந்த கதை முழுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"கண்ணு போனவங்களுக்கு இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரி தோணுமாம்மா. பெரிசு பண்ணாதே," என்றாள் மகள்.

"சத்தம் எனக்கும் கேட்டுதுடி."

"நீ நாலு நாளா தூங்கியிருக்க மாட்டே." பிறகு கேட்டாள்: "எத்தனைம்மா பாக்கி?"

"அஞ்சு."

"ஏழு வயசுல, குழலை உடைச்சேன்னு ரெண்டு கையையும் தூக்கிட்டு விடிய விடிய நிக்க வச்சாரே. அது இருக்கா?"

"இருக்கு."

"அதை முதல்ல மிதி," என்றாள் மகள். "அப்புறம் மத்ததையும். அலமாரி மொத்தமா காலியா இருந்தா எதைத் தடவுவார்னு பார்ப்போம்." சிரித்தாள். அப்பாவின் சிரிப்பு அது, உதடு பிரியாமல். அவளும் சிரித்தாள்.

காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில் ஐந்தையும் மிதித்தாள். நொறுங்கியதைப் பையில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போட்டு, குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தாள். அலமாரியை ஈரத்துணியால் துடைத்தாள். நான்கு தட்டும் துடைத்துவிட்ட மாதிரிக் காலி. துடைத்துவிட்டதுதான்.

மாலை நான்கு மணி. அவர் வந்து உட்கார்ந்தார். அவள் கதவருகே நின்றாள். அவர் கை முதல் தட்டின் இடது ஓரத்துக்குப் போனது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இப்போது தேடுவார். துழாவுவார். முகம் மாறும். அந்த முகத்துக்காகத்தான் இத்தனை மாதம்.

"ஒண்ணு," என்றார்.

விரல்கள் தட்டையாயின.

"ரெண்டு."

ஒவ்வொன்றையும் தடவி, பெயர் சொல்லி, அடுத்ததுக்குப் போனார். அவள் உடைத்த வரிசையில் இல்லை; அவர் கட்டிய வரிசையில். முதல் தட்டு முடிந்தது. இரண்டாவது. அவள் கழுத்து வேர்த்து, வேர்வை முதுகில் இறங்கியது. மாடியில் இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. டிக். டிக். இப்போது அது ஓர் இடத்திலிருந்து வரவில்லை. நான்கு தட்டிலிருந்தும் வந்தது.

"நாப்பத்தி ஒண்ணு. நாப்பத்தி ரெண்டு." கை நகர்ந்தது. "நாப்பத்தி மூணு."

"நாப்பத்தி ரெண்டுதாங்க," என்று அவளையறியாமல் சொன்னாள்.

"மூணு. இது புதுசு." தலையைச் சாய்த்து, கவனமாகத் தடவினார். "மூடி திறந்திருக்கு. ஆள் நிக்குது."

"ஆளா?"

"கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பொம்மை. பொம்பளை." நகத்தால் எதையோ தொட்டார். "கொண்டை போட்டிருக்கா."

அவள் பின்தலையில் ஏதோ உரசியது. அகலமாக, சொரசொரப்பாக, ஒரு கதவளவு. கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. கையைத் தூக்கித் தொட்டாள். ஊசிகள் நழுவித் தரையில் விழுந்தன.

"யாரு?" என்று திரும்பினாள். பின்னால் சுவர்.

"முடி சரியா இல்லை," என்றார் அவர், முகத்தை அலமாரிப் பக்கம் வைத்தபடி. விரலை அழுத்தினார். அவள் தலை முன்னால் குனிந்தது. தானாகக் குனியவில்லை.

"என்னங்க!" என்று கத்தினாள். "அங்க ஒண்ணுமே இல்லைங்க! எல்லாத்தையும் உடைச்சுட்டேன். நான்தான் உடைச்சேன். மிதிச்சு, குப்பையில போட்டுட்டேன். காலியா இருக்கு. கையை எடுங்க!"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. முப்பத்தோரு வருடத்தில் அவர் அவளைப் பார்த்து அப்படி இதமாகச் சிரித்ததே இல்லை.

"எதைடி உடைச்சே? எல்லாம் இங்கதானே இருக்கு. இப்பத்தானே எண்ணினேன்?"

அவள் வாசலுக்கு ஓடத் திரும்பினாள்.

அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூடின. அவளுடைய இரண்டு விலாவிலும் எதுவோ இறுகியது. கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. கால் தரையில்தான் இருந்தது. நகரவில்லை. வாசல் நான்கு அடியில். திறந்திருந்தது. வெளியே படிக்கட்டில் யாரோ பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். கத்த வாயைத் திறந்தாள்.

"வாய் திறந்திருக்கே," என்றார் அவர். "சகிக்கலை."

நகம் வந்து அமர்ந்தது. முகம் முழுக்க. பசை நெடி. கீழ்த்தாடை மேலேறி, பல்லோடு பல் இடித்து, மூடியது. மூக்கில் மட்டும் மூச்சு.

அவர் பொம்மையைக் கீழே அழுத்திப் பார்த்தார். அவளுடைய முழங்கால்கள் முனகின. மறுபடி அழுத்தினார். இடுப்பெலும்பில் ஏதோ இடித்து நின்றது. இரும்பு விளிம்பு மாதிரி. வட்டமாக.

"உள்ள இறங்க மாட்டேங்குது," என்று முணுமுணுத்தார். "கால் இடிக்குது." யோசித்தார். "கால் எதுக்கு? மூடிக்கு மேல தெரியறது இடுப்பு வரைக்கும்தான். கீழே இருக்கிறதை யாரு பார்க்கப் போறாங்க?"

இடது கையால் அவளைப் பிடித்தபடி வலது கையால் பக்கத்திலிருந்த வேலை மேஜையின் இழுப்பறையைத் திறந்தார். தேடவில்லை. துழாவவில்லை. நேராகப் போய், வெற்றிலை அகலத்தில் மெல்லிசாக ஒரு சிறு ரம்பத்தை எடுத்தார்.

அவள் கண்ணால் கெஞ்சினாள். பார்வையில்லாத அந்த முகம் அலமாரிப் பக்கம் திரும்பி, வேலையில் ஆழ்ந்திருந்தது.

குனிந்து ஊதினார். காற்றே இல்லாத அறையில் அவள் கூந்தல் முழுக்க ஒரு பக்கமாகப் பறந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது.

இடுப்புக்குக் கீழே ஒரு குளிர்ந்த கோடு வந்து படிந்தது.

"ஆடாதே," என்றார். "கோணலாயிடும்."

இழுத்தார். தள்ளினார். இழுத்தார். காலையில் துடைத்து வைத்த காலிப் பலகையின் மேல், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, மாவு மாதிரி சன்னமாக, சிவப்பாக, பொடி உதிரத் தொடங்கியது.