தேய்ந்த கொக்கி

"அதுல தொங்காதீங்க!"

ஹார்லன் திரும்பினான். செங்குத்துப் பாறையில் எழுபதடி உயரம்... தூறல் வேறு. பக்கத்து ஏறுபாதையின் உச்சியில் ஸ்பேனரும் கையுமாக ஒருத்தி தொங்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறக் கண்கள். இமையில் மழைத்துளி. அந்தக் கண்களில் இருந்தது கோபமா, பயமா...?

"கென்டக்கி மலைக்கெல்லாம் போலீஸ் போட்டுட்டாங்களா?"

"கொக்கியப் பாருங்க. என் மூஞ்சிய அப்புறம் பாக்கலாம்."

உச்சியில் நிரந்தரமாக மாட்டியிருக்கும் இரண்டு அலுமினியக் கொக்கிகள் அவை. கயிற்றை அவற்றில் போட்டால், கீழே நிற்பவர் நம்மை இறக்கிவிடுவார். அவை தேயாமலிருக்க, கடைசியாக இறங்குபவர் மட்டும்தான் அவற்றைத் தொடலாம். அதுவரை சொந்தக் கொக்கி மாட்ட வேண்டும். இது ஹார்லனுக்கும் தெரியும். சோம்பேறித்தனம்! நண்பன் ரஸ்ஸோடு காலையிலிருந்து அதிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ நேரம் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகுற வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகாதுங்க."

வீம்பாகக் கொக்கியைத் தடவினான். விரலில் ரத்தம். மணல் ஒட்டிய கயிறு அறுத்து அறுத்து, வளைவு பாதியாகி, விளிம்பு கத்தியாகியிருந்தது. உடனே சொந்தக் கொக்கிகளை மாட்டிக் கயிற்றை அதற்கு மாற்றினான். தரைக்கு வந்து பார்த்தால், கயிற்றின் மேலுறை ஓரிடத்தில் கிழிந்து வெள்ளை நார் தெரிந்தது.

அவள் தனியாக இறங்கி வந்தாள். பெயர் மார்லா.

"உங்களுக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லையா?"

"நான் யாருக்கும் பிடிக்கிறதில்ல. யாரும் எனக்குப் பிடிக்க வேண்டாம்." ஸ்பேனரை இடுப்பில் செருகினாள். "எல்லிஸுக்கும் எனக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதே மாதிரி கொக்கி... நான்தான் இறக்கிட்டிருந்தேன். திடீர்னு கயிறு கையில லேசாயிடுச்சு."

ஹார்லன் கிழிந்த கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்ததும். அவளோடு சேர்ந்து தேய்ந்தவற்றைக் கழற்றி இரும்புக் கொக்கிகள் மாட்டினான். "பரிதாபப்பட்டு வராதே" என்று ஒருமுறை துரத்தினாள். "பரிதாபமா? நீ திட்டுறதக் கேக்கத்தான் வரேன்" என்றான். சிரிப்பு வந்ததற்காகவே அவள் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. சிரித்தால் எல்லிஸை மறந்ததாகிவிடுமோ என்ற பயம் பாவம் அவளுக்கு.

இலையெல்லாம் உதிர்ந்த ஒரு காலை. ரஸ் வரவில்லை. ஹார்லன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையை அவள் காலடியில் வைத்தான்.

"முடியலன்னா சொல்லு. வீட்டுக்குப் போயிடலாம். தப்பா நினைக்க மாட்டேன்."

அவள் குனிந்து எடுத்தாள். கிழிசல் இருக்கிறதா என்று விரலால் தடவினாள்.

அவன் பாறையைப் பார்த்து நின்று, ஏறும் முன் எல்லோரும் கேட்பதைக் கேட்டான்.

"பிடிச்சிருக்கியா?"

பின்னாலிருந்து அவள் குரல், மிக மெதுவாக,

"பிடிச்சிருக்கு."

சட்டென்று திரும்பினான். "பிடிச்சிருக்கேன்னுல்ல சொல்லணும்?"

"தெரியும்." அவள் கன்னமெல்லாம் ஈரம். "ரெண்டும்தான் ஹார்லன். பயமாவும் இருக்கு... ஏறு. நான் இறக்கிவிடறேன்."